சுவருக்குள் மறையும் எட்டுக் கம்பிகள்

புதுவீட்டில் குடியேறிய சில நாட்களிலேயே 300 எம்பிபிஎஸ் வேகமுள்ள இணைய இணைப்பு ஒன்றை நாங்கள் பெற்றோம். வரவேற்பறையில், ரவுட்டரின் அருகே, வேகம் குறைவின்றிக் கிடைத்தது. உள்ளறையில், சுவர் வழியே வந்த கேபிளில் கணினியைப் பொருத்தினால், எத்தனை முறை சோதித்தாலும் 94-ஐத் தாண்டவில்லை. சேவை நிறுவனத்துக்குப் புகார்மேல் புகார் அளித்தோம். குறை அவர்களிடம் இல்லை என்பது பொய்க்கூரையின் பலகை ஒன்றைக் கழற்றியபோதுதான் புலப்பட்டது. கேபிளின் நீளம் போதாமல், இரு துண்டுகளை மின்கம்பியைப் போல முறுக்கிச் சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். நீலக் கம்பி ஒன்று விட்டுப்போயிருந்தது.

அந்த 94 என்ற எண்ணே நோயின் அடையாளம். ஈதர்நெட் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு இணைகளாக உள்ளன. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு இணைகள் போதும். 1,000 எம்பிபிஎஸ், அதாவது ஒரு ஜிகாபிட் வேகத்துக்கு நான்கும் வேண்டும். 100-க்குத் தேவைப்படாத இணைகளில் ஒரு கம்பி அறுந்தாலும், பெரும்பாலான கருவிகள் ஓசையின்றி 100-க்கு இறங்கிவிடும். தரவுடன் செல்லும் கட்டுப்பாட்டுத் தகவல்கள் போக, நமக்கு எஞ்சுவது ஏறத்தாழ 94. இணைப்பு அறுவதில்லை, ஆகையால் ஐயமும் எழுவதில்லை. கட்டணம் மட்டும் மாதந்தோறும் முழுமையாகச் செல்கிறது.

முறுக்கு ஏன்?

மின்கம்பியில் நாம் கேட்பது மின்சாரம் பாய வேண்டும் என்பது மட்டுமே. தரவுக் கேபிளில் அது போதாது. ஓர் இணையின் இரு கம்பிகளிலும் நேரெதிரான மின்குறிகள் செல்கின்றன. அவை ஒன்றையொன்று சுற்றி முறுக்கப்பட்டிருப்பதால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டின்மீதும் ஏறக்குறைய ஒரே அளவில் படுகிறது. பெறும் கருவி இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் நீங்கிவிடுகிறது. முறுக்கைப் பிரித்துவிட்டால் இந்தக் காப்பும் போய்விடும். எனவேதான் முனையில் பிரிக்கும் நீளம் 13 மில்லிமீட்டரை, அதாவது அரை அங்குலத்தை, மிஞ்சலாகாது என்பது வழக்கமான விதி. முறுக்கி டேப் சுற்றிய ஒட்டில் இந்த விதி முற்றிலும் மீறப்படுகிறது.

ஒட்டு வேண்டாம், முனை வேண்டும்

ரவுட்டர் இருக்கும் இடத்திலிருந்து ஒவ்வோர் அறைக்கும் துண்டுபடாத ஒரே கேபிள் செல்வதே சிறந்தது. சுவருக்குள் 90 மீட்டர், இரு முனைகளிலும் வெளியே 10 மீட்டர், ஆக 100 மீட்டர் வரை அனுமதி உண்டு என்பதால், வீடுகளில் நீளம் ஒரு தடையன்று. ஒட்டுவது தவிர்க்க இயலாதபோது, அதே தரத்திலான கப்ளர் ஒன்றைப் பயன்படுத்தி, கைக்கு எட்டும் பெட்டிக்குள் வைக்க வேண்டும். பூச்சுக்குள் புதைக்கலாகாது.

சுவரில் செல்லும் கேபிளின் முனையைக் கீஸ்டோன் ஜாக்கில், பஞ்ச் டவுன் கருவியால் பதிப்பது நெடுநாள் நிலைக்கும். அதிலிருந்து கணினிக்கு ஆலையில் செய்த பேட்ச் கார்டு போதும். நேரடியாக ஆர்ஜே45 பிளக் பொருத்துவதானால், கேபிளின் வெளியுறை பிளக்குக்குள் நுழைந்து பிடிபட்டிருக்க வேண்டும். இல்லையேல் இழுவை முழுவதும் மெல்லிய கம்பிகளின்மீதே விழும்.

நிறவரிசையும் முக்கியம். பரவலாக வழங்கும் டி568பி முறை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை இணை இங்கே 3, 6 என்னும் இடங்களில் பிரிந்து அமர்வதைக் கவனிக்கவும். இதை அறியாதவர்கள் ஒவ்வோர் இணையையும் அடுத்தடுத்து வைத்துவிடுவதுண்டு. இரு முனையிலும் ஒரே தவறு நேர்ந்தால், விலை குறைந்த சோதனைக் கருவியில் எட்டு விளக்குகளும் முறையாகவே எரியும். எனினும் மின்குறி வெவ்வேறு இணைகளின் கம்பிகளில் செல்வதால் பிழைகள் பெருகும்.

வாங்கும்போதும் கொடுக்கும்போதும்

கேபிளை வாங்கும்போது அது முழுச் செம்பா என்று கேட்டறிதல் நன்று. அலுமினியத்தின்மீது செம்பு பூசிய மலிவான வகையும் விற்பனையில் உண்டு. அது எளிதில் ஒடியும், மின்தடையும் கூடுதல். கேபிள் வழியாகவே மின்சாரம் பெறும் கண்காணிப்புக் கேமராக்களுக்கு அது ஏற்றதன்று. மின்கம்பிகள் செல்லும் குழாயிலேயே தரவுக் கேபிளையும் நுழைக்காமல், தனிக் குழாய் அமைக்கச் சொல்ல வேண்டும்.

வீட்டுக் கடன் தொகை கட்டுமானம் முன்னேற முன்னேறத் தவணைகளாக விடுவிக்கப்படுவதை நாம் அறிவோம். கேபிள் பணிக்கான கூலியிலும் அதே முறையைக் கைக்கொள்ளலாம். பூச்சு வேலைக்கு முன் கேபிள் செல்லும் வழியைப் படமெடுத்து வைத்துக்கொள்வோம். முனைகள் பொருத்தியபின், ஒவ்வோர் அறையிலும் மடிக்கணினியை இணைத்து, இணைப்பு வேகம் ஒரு ஜிகாபிட் எனக் காட்டுகிறதா என்றும், பெரிய கோப்பு ஒன்று தடையின்றி இறங்குகிறதா என்றும் பார்ப்போம். கடைசிப் பகுதிக் கூலியை அதன்பின் கொடுப்போம்.

எங்கள் வீட்டில் நல்வாய்ப்பாக அகலமான குழாய் இருந்தது. பழைய கேபிளையே இழுகயிறாகக் கொண்டு, சுவரை உடைக்காமல் புதிய கேபிளை இழுத்தோம். மாலைக்குள் உள்ளறையிலும் 300 கிடைத்தது. அதுவரை செலுத்திய கட்டணம் திரும்பவில்லை. புகார் கேட்டுப் பலமுறை வந்துபோன சேவை ஊழியரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம்.