காவோலையிலிருந்து விழுந்த பறவை

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தைச் சுற்றி எந்தப் பக்கம் நடந்தாலும் பனை நிற்கும். மரத்தின் கழுத்தில் காய்ந்து தொங்கும் காவோலையைப் பனையேறிகள் கழிப்பார்கள்; அவர்கள் விட்டுவைத்ததை ஆடிக் காற்று கழித்துவிடும். விழுந்த ஓலையைப் புரட்டினால் சில சமயம் அதன் மடிப்பில் கொஞ்சம் பஞ்சும் இறகும் ஒட்டியிருக்கும். பக்கத்து மணலில், ஆள் வந்தும் பறக்காமல், கரும்பழுப்பு நிறத்தில் ஒரு சிறு பறவை கிடக்கும். பனை உழவாரன்.

வாலோடு சேர்த்து அளந்தாலும் 13 சென்டிமீட்டர்தான். பனங்காட்டுக்கு மேலே கீச்சிட்டபடி வளைந்து வளைந்து பறப்பது இதுதான். பூச்சி பிடிப்பது, தின்பது எல்லாம் பறந்துகொண்டேதான். கிளையிலோ கரண்டுக் கம்பியிலோ அது உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டீர்கள். அதன் கால்கள் குட்டை. செங்குத்தான பரப்பைப் பற்றித் தொங்க மட்டுமே ஏற்றவை. காற்றில் மிதக்கும் பஞ்சையும் இறகையும் பிடித்து வந்து, எச்சிலால் ஓலையில் ஒட்டிக் கூடு கட்டுகிறது. முட்டையையும் அதே எச்சிலால் கூட்டோடு ஒட்டிவைத்துவிடுகிறது. ஓலை எப்படி ஆடினாலும் முட்டை உருளாது. தாயும் தகப்பனும் தொங்கியபடியே அடைகாக்கும். குஞ்சும் தொங்கியபடியே வளரும். (இதன் உறவுப் பறவை ஒன்று முழுக்க எச்சிலாலேயே கட்டும் கூட்டைத்தான் சீனர்கள் சூப் வைத்துக் குடிக்கிறார்கள்.)

அந்தப் பசையின் பலமெல்லாம் ஓலை மரத்தில் இருக்கும் வரைதான்.

மைனாக் குஞ்சோ கொண்டைக்குருவிக் குஞ்சோ தரையில் தத்திக்கொண்டிருந்தால், அதை எடுக்காமல் விடுவதே நல்லது. தாய் பக்கத்தில்தான் இருக்கும், இரையும் கொண்டுவரும். பூனை வரும் இடம் என்றால் அருகிலுள்ள செடியில் தூக்கி வைத்தால் போதும். மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் பேச்சு. ஆனால் உழவாரனுக்கு இந்த விதி பொருந்தாது. தரையில் கிடக்கும் குஞ்சைத் தேடி அதன் தாய் இறங்கி வராது. வளர்ந்த பறவைக்கும் தரையிலிருந்து எழும்புவது பெரும்பாடு. ஆகவே இதை எடுத்தே ஆக வேண்டும்.

எடுக்கும் விதத்தில்தான் ஆபத்து இருக்கிறது. நமக்கு இருப்பதுபோல் மூச்சுக்கு உதவும் உதரவிதானம் பறவைக்குக் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதன் காற்றுப்பைகளுக்குள் காற்று போகும். பாசத்தில் இறுக்கிப் பிடித்தால், அலகு திறந்திருந்தாலும் அது மூச்சுமுட்டிச் சாகும். மெல்லிய துணியால் தளர்வாக மூடி எடுத்து, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் விட்டு மூடிவிடுங்கள். உள்ளே ஒரு பக்கம் துணியைத் தொங்கவிட்டால் உழவாரன் அதைப் பற்றிக்கொள்ளும். இருட்டே அதற்கு முதல் மருந்து. பிள்ளைகள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்காமல் தடுப்பதுதான் வீட்டில் கடினமான வேலை.

அடுத்தது சூடு. பறவையின் உடல் வெப்பம் ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ், நம்முடையதைவிட அதிகம். குளிர்ந்து கிடக்கும் பறவைக்குச் செரிமானம் நடக்காது. சூடேறும் முன் ஊட்டுவது கெடுதல். தண்ணீரை அலகுக்குள் ஊற்றவே கூடாது. மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் அடியிலேயே இருப்பதால், ஊற்றிய தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும். பாலும் வேண்டாம், அதைச் செரிக்கும் நொதி பறவைக்கு இல்லை. சோறு, பிஸ்கெட் எதுவும் உழவாரனுக்கு உணவல்ல. பூச்சி மட்டுமே. தப்பான தீனியில் குஞ்சு கொழுத்தாலும் இறகு வலுவில்லாமல் முளைக்கும். வாழ்நாளெல்லாம் காற்றில் இருக்க வேண்டிய பறவைக்கு அது மரணத்துக்குச் சமம். ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் உழவாரன்களுக்கென்றே ஒரு மருத்துவமனை நடக்கிறது. ஒடிந்த இறகுகளுக்குப் பதில் வேறு இறகுகளைப் பொருத்தி அங்கே பறக்கவிடுகிறார்கள்.

பூனை வாயிலிருந்து மீட்ட பறவை என்றால் நேரம் கடத்தாதீர்கள். காயம் கண்ணுக்கே தெரியாமல் இருக்கலாம். பூனையின் எச்சிலில் உள்ள பாஸ்டுரெல்லா கிருமி ஓரிரு நாளில் கொன்றுவிடும். ஆன்டிபயாடிக் தேவை, அதைக் கால்நடை மருத்துவர்தான் கொடுக்க வேண்டும். தொங்கும் இறக்கையும் அவர் வேலையே. பறவையின் எலும்பு இரண்டு மூன்று வாரத்திலேயே கூடிவிடும், கோணலாகக் கூடினாலும் அவ்வளவு வேகத்தில்தான் கூடும்.

அடிபடாமல் திகைத்து மட்டும் கிடந்ததென்றால் ஓரிரு மணி நேரத்தில் தெளிந்துவிடும். திறந்த வெளிக்குக் கொண்டுபோய், விரித்த உள்ளங்கையில் வைத்துக் கையை உயர்த்துங்கள். மேலே வீசாதீர்கள், தயாராக இருந்தால் அதுவே கிளம்பும். உழவாரன் குஞ்சுக்குப் பறக்க யாரும் கற்றுத்தருவதில்லை, கூட்டை விட்டுப் பாயும் முதல் நாளே அது முழுப் பறவைதான்.

கிளம்பவில்லையா, வளர்த்துப் பார்க்கலாம் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, கைக்கு வந்த காட்டுயிரைப் பற்றி 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ சொல்லியாக வேண்டும். சட்டத்தை விட்டுப் பார்த்தாலும், நாள் முழுக்கப் பூச்சி ஊட்டும் பொறுமையும் அறிவும் நம் வீடுகளில் இல்லை என்பதே என் கணிப்பு.

2021-இல் தமிழக அரசு, மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று அறிவித்தது. மரம் நின்றால் மட்டும் உழவாரனுக்குப் போதாது, காய்ந்த ஓலையும் தொங்க வேண்டும். பனை வைத்திருப்பவர்கள் ஓலை கழிக்கும்போது மடிப்பை ஒருமுறை பாருங்கள். கூடு இருந்தால் அந்த ஓலையைக் குஞ்சு பறக்கும் வரை விட்டுவையுங்கள்.