நிறுத்தி வெச்ச காரைத் துடைக்கிறதுக்கு முன்னாடி...

செமஸ்டர் லீவுல ஊருக்குப் போனா, பல வீடுகள்ல நமக்காகக் காத்திருக்கிற முதல் வேலை, மாசக்கணக்கா எடுக்காம நிக்கிற காரைக் கழுவுறதுதான். தூசியைப் பார்த்ததும் கை தானாகவே ஒரு பழைய பனியன் துணியைத் தேடும். கொஞ்சம் பொறுங்க. அந்தக் காய்ஞ்ச துணியில்தான் பிரச்சினையே ஆரம்பிக்குது.

மோஸ் கடினத்தன்மை அளவுகோல் ஞாபகம் இருக்கா? டால்க் 1, வைரம் 10. தெருத்தூசியில் இருக்கும் மணல் துகள் பெரும்பாலும் குவார்ட்ஸ். அதோட மதிப்பு 7. கண்ணாடிக்கே சுமார் 5.5தான். காரின் நிறத்துக்கு மேல் பூசப்படும் கிளியர் கோட், கண்ணாடியை விட ரொம்ப மென்மையான பாலிமர் படலம். தடிமன் சுமார் 40 முதல் 50 மைக்ரான். அதன் மேல் தூசியோடு துணியை இழுத்தால், மெல்லிய உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். வெயிலில் பார்த்தா சிலந்தி வலை மாதிரி தெரியுற வட்டக் கீறல்கள் இப்படி வந்தவைதான்.

"பாலிஷ் போட்டா போயிடுமே?" போகும். ஆனால் பாலிஷ் கீறலை அடைப்பதில்லை. கீறலின் ஆழம் வரை சுற்றியுள்ள படலத்தைச் சீவி எடுக்கிறது. ஒவ்வொரு தடவையும் கிளியர் கோட் குறையும், திரும்ப வளராது. அதனால் கீறல் விழாமல் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

1. முதலில் பானெட்டைத் திறங்க. எலி கூடு கட்டியிருக்கா, ஒயரைக் கடிச்சிருக்கா என்று பார்க்காமல் ஸ்டார்ட் பண்ணாதீங்க. முன் கண்ணாடிக்குக் கீழே சேர்ந்த இலைகளை அள்ளி எடுங்க. அங்கே வடிகால் அடைத்திருந்தால் தண்ணி காருக்குள்ளே இறங்கும். வைப்பரையும் போடாதீங்க, தூசியோடு ஓடினால் கண்ணாடியிலும் கீறல் விழும்.

2. நிழலில், பாடி சூடு ஆறியபின், கூரையில் தொடங்கி நிறையத் தண்ணி விடுங்க. துணி வேண்டாம், தண்ணியே தூசியைக் கழுவட்டும். பறவை எச்சத்தைச் சுரண்டாதீங்க. அதிலுள்ள யூரிக் அமிலம் கிளியர் கோட்டை அரிக்கும். ஈரத்துணியைப் பத்து நிமிஷம் அதன் மேல் போட்டு, ஊறியதும் மெதுவா எடுங்க.

3. ரெண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணி. மைக்ரோஃபைபர் துணியால் ஒரு பகுதியைத் தேய்த்ததும், வெறும் தண்ணியில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பு வாளிக்குப் போகணும். இல்லாட்டி எடுத்த மண்ணையே திருப்பிப் பூசுறோம். சக்கரங்களுக்குத் தனித் துணி. துணி சோப்பும் பாத்திர சோப்பும் வேண்டாம், இருக்கிற மெழுகுப் பூச்சையும் அவை எடுத்துவிடும்.

4. காயும்வரை விட்டுடாதீங்க. போர் தண்ணி என்றால், கால்சியம், மெக்னீசியம் உப்புகள் வெள்ளைப் புள்ளிகளாகப் படியும். உடனே வேறொரு சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்க.

5. கையில் ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கிட்டு பானெட் மேல் தடவிப் பாருங்க. நறநறன்னு இருந்தால் தண்ணிக்குப் போகாத அழுக்கு ஒட்டியிருக்கு. அதற்குக் களிமண் போன்ற கிளே பார் கிடைக்கிறது. வழுக்கும் திரவம் தெளித்து அழுத்தாமல் தேய்க்கணும். கீழே விழுந்த கிளே பாரை மறுபடி பயன்படுத்தாதீங்க, மண் ஒட்டியிருக்கும். கடைசியா வேக்ஸ்.

உள்ளே பூஞ்சை வாடை வந்தால், சென்ட் அடித்து மறைக்க வேண்டாம். கதவுகளைத் திறந்து மேட்டை வெயிலில் போட்டு, ஏசி ஃபில்டரைக் கழற்றிப் பாருங்க.

கழுவி முடிச்சு எடுக்கும்போது பிரேக்கில் லேசாக உரசல் சத்தம் வரலாம். ஈரத்தில் டிஸ்க் மேல் பிடித்த மெல்லிய துரு அது. தெருவிலேயே மெதுவா ஓட்டி நாலைந்து தடவை பிரேக் அடிச்சா போயிடும். போகலைன்னா மெயின் ரோட்டுக்கு எடுக்காம, முதலில் மெக்கானிக்கிட்ட காட்டுங்க.