அரசப் பிரதிநிதியாகிய இளவரசர்

முடிசூடிய மன்னர் உயிரோடிருக்கவும், இளமையினாலோ பிணியினாலோ ஆளும் ஆற்றல் அற்றவராயின், செங்கோலை ஏந்துவார் யார்? ஏந்துவோர் அதனைத் தம் பிறப்புரிமையாக ஏந்துகின்றனரா, அன்றி அடைக்கலப் பொருளாக ஏந்துகின்றனரா? இவ்வினாக்களை இங்கிலாந்து தேசத்துச் சரித்திரத்தைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

மூன்றாம் ஜார்ஜ் மன்னர் 1760-ஆம் ஆண்டில் அரியணை ஏறினார். 1788-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவருக்குச் சித்தப்பிரமை கண்டது. மூத்த குமாரராகிய வேல்ஸ் இளவரசருக்கு அப்பொழுது வயது 26. அவருடைய நண்பராகிய பாக்ஸ் என்பார், மன்னர் இறந்திருப்பின் எவ்வாறோ அவ்வாறே பிறப்புரிமையால் இளவரசர் ஆளத்தக்கவர் என வாதித்தார். பிரதம மந்திரியாகிய பிட் அதனை மறுத்து, பிரதிநிதியை நியமித்தலும் அவரது அதிகாரத்தை வரையறுத்தலும் பார்லிமெண்டுக்கே உரியன என்றார். மக்களுரிமை பேசிவந்தவர் பிறப்புரிமையைப் பேசியதும், மன்னரின் மந்திரி பார்லிமெண்டின் உரிமையைத் தாங்கியதும் வியப்பன்றோ? இளவரசர் கைக்கு ஆட்சி வரின் பிட் பதவியிழப்பார், பாக்ஸ் பதவி பெறுவார் என்பதை நோக்கின் அவ்வியப்பு நீங்கும். மசோதா பிரபுக்கள் சபையில் இருக்கும்போதே, 1789-ஆம் ஆண்டு பிப்ரவரியில், மன்னர் குணமடைந்தார்.

1810-ஆம் ஆண்டில் நோய் மீண்டும் தோன்றியது. ஆயின் ஒரு சிக்கல் எழுந்தது. மன்னரின் சம்மதமின்றி எம்மசோதாவும் சட்டமாகாது; மன்னரோ சம்மதம் அளிக்கும் நிலையில் இல்லை. ஆகவே பார்லிமெண்டே தன் தீர்மானத்தால் பெருமுத்திரையைப் பதிப்பித்து, மன்னர் பெயரால் சம்மதம் அளிக்கச் செய்தது. 1811-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் சட்டம் நிறைவேறியது.

அச்சட்டம் பிட் காட்டிய வழியையே தழுவியது. புதிய பிரபுப் பட்டங்களை வழங்குதல் முதலியவற்றில் பிரதிநிதியின் கை ஓராண்டு காலத்துக்குக் கட்டப்பட்டது. மன்னர் குணமடைந்து மீள்வாராயின், தம் அரசை மாற்றமின்றிக் காணல் வேண்டுமன்றோ? நோயுற்ற மன்னரைப் பேணும் பொறுப்பும் இளவரசரிடம் விடப்படாது, அரசியாகிய சார்லட்டிடம் ஒப்புவிக்கப்பட்டது. தந்தையின் பிணி நீடித்தலால் பயன்பெறும் மைந்தரே அவருக்குக் காவலராதல் தகாதென்பது இதனால் விளங்கும்.

இளவரசரோ ஆடம்பரத்துக்கும் கடனுக்கும் பெயர்பெற்றவர். எனினும், தந்தையின் மந்திரிகளை உடனே நீக்கினாரில்லை; நீக்கின் அது மன்னர் குணமடைதற்கு இடையூறாகும் என்று எழுதினார். 1812-இல் கட்டுகள் நீங்கிய பின்னரும் பழைய நண்பர்களின் கட்சிக்கு அவர் ஆட்சியளிக்கவில்லை. 1820-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் மன்னர் இறக்கவே, அவர் நான்காம் ஜார்ஜ் என அரியணை ஏறினார்.

1937-ஆம் ஆண்டின் சட்டம் இம்முறையை நிலையாக வகுத்துள்ளது. மன்னர் ஆற்றலிழந்தாரென்பதை அவருடைய துணைவர், உயர்நீதித் தலைவர்கள், காமன்ஸ் சபாநாயகர் முதலிய ஐவருள் மூவரேனும் எழுத்து மூலம் உறுதி கூறல் வேண்டும். பட்டத்துரிமை வரிசையை மாற்றும் மசோதாவுக்குப் பிரதிநிதி சம்மதம் அளித்தல் இயலாது.

இவற்றால் நாம் அறிவது யாதெனில், பிரதிநிதியின் ஆட்சி அவரது நற்குணம் ஒன்றையே நம்பி நிற்பதன்று என்பதே. நல்லவர் வரின் சட்டம் அவருக்குச் சுமையாகாது. அல்லாதவர் வரின் அதுவே நாட்டுக்கு அரணாகும். பிறர் பொருட்டு எப்பொறுப்பை ஏற்போருக்கும் இது பொருந்தும்.