சாத்தான் பெயருக்கு யார் சொந்தக்காரர்? அமெரிக்காவில் மோதிக்கொள்ளும் சேட்டனிஸ்ட் அமைப்புகள்

'அரசு வளாகத்தில் சாத்தான் சிலை', 'சேட்டனிஸ்ட்டுகள் தொடர்ந்த வழக்கு' என்று அமெரிக்காவிலிருந்து வரும் செய்திகளை நீங்கள் பார்த்திருக்கலாம். பார்த்ததும் நரபலி, கறுப்பு அங்கி என்று மனசு ஹாலிவுட் படத்துக்குப் போயிடும். ஆனால் இந்தச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் இரண்டு அமைப்புகளும் சாத்தான் என்று ஒருவன் நிஜமாக இருப்பதாக நம்புவதில்லை. கடவுளையும் நம்புவதில்லை. அப்புறம் எதற்கு அந்தப் பெயர்? அதற்காக ஏன் இவ்வளவு சண்டை?

முதலில் வந்தவர் யார்?

1966 ஏப்ரல் 30 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் 'சர்ச் ஆஃப் சேட்டன்' அமைப்பைத் தொடங்கினார் ஆன்டன் லாவே. அவர் எழுதிய 'சட்டானிக் பைபிள்' 1969இல் வெளியானது. லாவேக்கு சாத்தான் ஒரு குறியீடு. ஆசைகளை ஒளிக்காத, யாருக்கும் தலைவணங்காத தனிமனிதனின் அடையாளம். வலிமையும் திறமையும் உள்ளவர் மேலே போவதுதான் இயற்கை என்பது அவர் பார்வை. அயன் ராண்டின் தாக்கம் அதில் பளிச்சென்று தெரியும். 1997இல் லாவே இறந்தார். 2001 முதல் பீட்டர் கில்மோர் தலைமைக் குருவாக இருக்கிறார்.

1975இல் முதல் பெரிய உடைப்பு வந்தது. ராணுவ அதிகாரியான மைக்கேல் அக்வினோ, குருப் பட்டங்களை லாவே விற்கப் பார்க்கிறார் என்று குற்றம்சாட்டி வெளியேறினார். அவர் தொடங்கிய 'டெம்பிள் ஆஃப் செட்' அமைப்புக்கு இது வெறும் குறியீடு இல்லை. பண்டைய எகிப்தின் 'செட்' என்ற தெய்வம் உண்மையிலேயே இருப்பதாக அது சொல்கிறது.

2013இல் வந்த புதுப் போட்டி

லூசியன் க்ரீவ்ஸ், மால்கம் ஜாரி என்ற புனைபெயர்களில் இயங்கும் இருவர் 'தி சட்டானிக் டெம்பிள்' அமைப்பைத் தொடங்கினார்கள். தலைமையகம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சேலம் நகரம். இவர்களுடைய சாத்தான், கவிஞர் மில்டன் காட்டிய மாதிரி, அதிகாரத்தை எதிர்க்கும் கலகக்காரன். ஏழு கொள்கைகள் உண்டு. முதலாவதே எல்லா உயிர்களிடமும் கருணை காட்டுவது. 'என் உடல், என் உரிமை' என்பதும் அதில் ஒன்று.

இவர்களின் வேலைமுறை எளிது. அரசு ஒரு மதத்துக்குக் கதவைத் திறந்தால், 'எங்களுக்கும் திற' என்று போய் நிற்பார்கள். ஓக்லஹோமா சட்டமன்ற வளாகத்தில் 2012இல் பைபிளின் பத்துக் கட்டளைகள் பொறித்த கல் வைக்கப்பட்டது. பக்கத்திலேயே ஆட்டுத்தலை கொண்ட 'பஃபோமெட்' சிலையை வைக்க இடம் கேட்டார்கள். இன்னொரு பக்கம், அந்தக் கல்லை எதிர்த்து வேறு சிலர் தொடர்ந்த வழக்கில், அது மாநில அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று 2015இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல் அகற்றப்பட்டது. சிலைக் கோரிக்கையும் கைவிடப்பட்டது.

சரி, சண்டை எதில்?

அரசியல்: 'மதம் அவரவர் சொந்த விஷயம், அரசியல் நிலைப்பாட்டை உறுப்பினரே முடிவு செய்யட்டும்' என்கிறது சர்ச். தெருவுக்கும் நீதிமன்றத்துக்கும் போவதே தங்கள் மதத்தின் பகுதி என்கிறது டெம்பிள். லாவேயின் 'வலியவனே வெல்வான்' பார்வையும் அவர்களுக்கு ஒத்துவராது.

வரி: எல்லா மத அமைப்புகளும் வரி கட்ட வேண்டும் என்று சொன்னவர் லாவே. டெம்பிளோ 2019இல் மத அமைப்பாக வரிவிலக்கு பெற்றது. மற்ற மதங்களுக்குக் கிடைக்கும் சலுகை தங்களுக்கு மட்டும் ஏன் கூடாது என்பது அவர்கள் வாதம்.

எண்ணிக்கை: சர்ச்சில் சேரக் கட்டணம் உண்டு, உறுப்பினர் எண்ணிக்கையை அது வெளியிடுவதில்லை. டெம்பிளில் இணையத்தில் இலவசமாகப் பதிவு செய்தாலே உறுப்பினர். அதனால் 'லட்சக்கணக்கானோர்' என்று படித்தால், அது கோயிலுக்கு வருபவர்களின் கணக்கு அல்ல, பதிவுக் கணக்கு என்று புரிந்துகொள்ளுங்கள். இரண்டையும் ஒரே கிராஃபில் வைத்து ஒப்பிட முடியாது.

'போலி' என்ற சொல்லின் விலை

'சேட்டனிசத்துக்கு வடிவம் கொடுத்தது நாங்கள்தான். அவர்கள் சாத்தான் வேஷம் போட்ட அரசியல் குழு' என்பது சர்ச்சின் நிலைப்பாடு. கேட்க உட்கட்சிச் சண்டை மாதிரிதான் இருக்கும். ஆனால் இங்கேதான் விஷயமே இருக்கு. 2022இல் கருக்கலைப்பு உரிமை பற்றிய அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, இண்டியானா, ஐடஹோ மாநிலங்களின் தடைச் சட்டங்களை எதிர்த்து டெம்பிள் வழக்குப் போட்டது. 'எங்கள் மத உரிமை பறிபோகிறது' என்பது அதன் வாதங்களில் ஒன்று. 'இது மதமே இல்லை, கேலிக்கூத்து' என்று நிரூபணமானால் அந்த வாதத்துக்குக் காலே இருக்காது. டெம்பிளின் கிறிஸ்தவ எதிர்ப்பாளர்கள் சொல்வதும் இதைத்தான். பெயருக்காகச் சண்டை போடும் சர்ச், தெரிந்தோ தெரியாமலோ அவர்களுக்கும் ஒரு வாதத்தை எடுத்துக்கொடுக்கிறது.

நாம் ஏன் கவனிக்கணும்?

1980களில் 'சாத்தான் சடங்கு' என்ற பீதி அமெரிக்கா முழுக்கப் பரவியது. கலிஃபோர்னியாவின் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கு 1983 முதல் 1990 வரை இழுத்து, ஒருவர்கூட தண்டனை பெறாமல் முடிந்தது. இதே பீதியில் எழுந்த வேறு சில வழக்குகளில் தண்டிக்கப்பட்டவர்கள், பல ஆண்டுகள் சிறையில் கழித்த பிறகே வெளியே வந்தார்கள். பெயரைக் கேட்டே தீர்ப்பு எழுதியதன் விளைவு இது.

அடுத்த முறை இப்படியொரு செய்தி வந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: எந்த அமைப்பு? சாத்தான் அவர்களுக்குத் தெய்வமா, குறியீடா? அரசிடம் என்ன கேட்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் தேடினால், பெரும்பாலும் அந்தச் செய்தி சாத்தானைப் பற்றியதாக இருக்காது. எல்லா மதங்களையும் அரசு ஒரே மாதிரி நடத்துகிறதா என்பதைப் பற்றியதாக இருக்கும்.