புவனேஸ்வரில் ஓர் அரையிறுதி



2014 டிசம்பர் 13, புவனேஸ்வர் கலிங்கா மைதானம். சம்பியன்ஸ் கிண்ண ஹொக்கி அரையிறுதியில் பாகிஸ்தான் கடைசி நேரக் கோலால் இந்தியாவை 4-3 என வென்றது. இரு நாட்டு எல்லைப் பகை ஹொக்கித் திடலையும் விட்டுவைத்ததில்லை. சில பாகிஸ்தான் வீரர்கள் சட்டையைக் கழற்றி, இரசிகர்களை நோக்கி ஆபாசச் சைகை காட்டினர். எவ்வளவு அருமையான ஆட்டம்! இன்றும் பேசப்படுவது அந்தச் சைகைதான் என்பது நெஞ்சை வருத்துகிறது.

பாகிஸ்தான் பயிற்றுநர் ஷஹ்னாஸ் ஷேக் மன்னிப்புக் கேட்டார். முதலில் அதோடு விட்ட சர்வதேச ஹொக்கிச் சம்மேளனம், இந்தியத் தரப்பு கடுமையாக எதிர்த்ததும் இரு வீரர்களுக்கு ஒரு போட்டித் தடை விதித்தது. அவர்களின்றி இறுதிப் போட்டியில் இறங்கிய பாகிஸ்தானை, மறுநாள் ஜேர்மனி 2-0 என வென்றது.