ஊசிக்கு முன்னால் ஒரு வருடம்

முதுகு வலி: உள்ளும் புறமும் – 12

வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த 1994ஆம் ஆண்டு ஆய்வைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஏதாவது ஓரிடத்தில் ஜவ்வு புடைத்திருந்தது. அவர்கள் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தார்கள், மூட்டை தூக்கினார்கள், நிம்மதியாகத் தூங்கினார்கள். அப்படியானால் ‘ஜவ்வு விலகியிருக்கிறது’ என்று எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு வந்து உட்காரும் ஒருவருக்கு வலி உண்மையில் எங்கிருந்து வருகிறது என்பதை யார் சொல்வது? அதைச் சொல்லும் மருத்துவர் எப்படி உருவாகிறார்? இந்த வாரம் அவருடைய படிப்பைப் பற்றித்தான்.

எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் மயக்கவியலோ நரம்பியலோ உடலியல் மறுவாழ்வு மருத்துவமோ படித்துத் தேறிய ஒருவர், வலி மருத்துவத்துக்காக மறுபடியும் மாணவராகிறார். இதற்குப் பெயர் ஃபெல்லோஷிப். அமெரிக்காவில் இது 12 மாதப் பயிற்சி. அங்கே 1990களின் தொடக்கத்தில் இதற்கு முறையான அங்கீகாரமும் தேர்வும் வந்துவிட்டன. ஏற்கெனவே ஒரு துறையில் நிபுணரானவருக்கு இன்னொரு வருடம் எதற்கு? இதைப் புரிந்துகொள்ள ஒரு மல்யுத்த வீரரின் கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜான் பொனிக்கா 1917இல் இத்தாலியின் சிசிலிக்கு அருகிலுள்ள ஃபிலிக்குடி என்ற சின்னத் தீவில் பிறந்தவர். பத்து வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தார். மருத்துவப் படிப்புக்குப் பணம் வேண்டும் என்பதற்காக, முகமூடி போட்டுக்கொண்டு வேறு பெயரில் மல்யுத்த மேடை ஏறினார். இரண்டாம் உலகப் போரின் போது வாஷிங்டன் மாநிலத்தில் இருந்த மேடிகன் ராணுவ மருத்துவமனையில் மயக்க மருத்துவத்துக்குப் பொறுப்பேற்றார். காயம் ஆறியும் வலி ஆறாத வீரர்கள் அவரிடம் வந்தார்கள். போன காலில் வலி, தைத்து மூடிய இடத்தில் எரிச்சல் என்று சொன்னார்கள். பாடப்புத்தகங்களில் பதில் இல்லை. எலும்பு மருத்துவரைக் கேட்டார், நரம்பு மருத்துவரைக் கேட்டார், மனநல மருத்துவரைக் கேட்டார். ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு தெரிந்திருந்தது, முழுசு யாருக்கும் தெரியவில்லை. அவர்களையெல்லாம் ஒரே மேசையில் உட்கார வைத்து ஒரே நோயாளியைப் பற்றிப் பேச வைத்தார் பொனிக்கா. வலி மருத்துவம் என்ற துறை அந்த மேசையில்தான் பிறந்தது என்பேன்.

வலியைப் பற்றி அவர் எழுதிய சுமார் 1500 பக்கப் பாடநூல் 1953இல் வந்தது. 1960இல் சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனதும், நரம்பு அறுவை மருத்துவர் லோவல் ஒயிட், செவிலியர் டோரதி கிரௌலி ஆகியோரோடு சேர்ந்து பல துறையினர் கூடி வேலை செய்யும் வலி சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். ஒரு செவிலியரையும் நிறுவியவர்களில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டதை நான் பெரிதாக நினைக்கிறேன். வலிக்காரரோடு அதிக நேரம் இருப்பவர் செவிலியர்தானே. மேடையில் விழுந்து எழுந்த உடம்பு என்பதால் பொனிக்காவுக்கே ஆயுள் முழுக்க வலி இருந்தது. இடுப்பு மூட்டில் பலமுறை அறுவை செய்துகொண்டார்.

இன்றைய ஃபெல்லோஷிப் அந்த மேசையைத்தான் ஒரு வருடப் பாடத்திட்டமாக மாற்றி வைத்திருக்கிறது. மயக்க மருத்துவராக வந்தவருக்கு ஊசி போடும் கை பழகியிருக்கும். ஆனால் ஒருவர் நடந்து வருவதைப் பார்த்தே எந்த நரம்பு வேர் பலவீனம் என்று சொல்லத் தெரியாது. அதனால் அவர் நரம்பியல் பரிசோதனையை மேற்பார்வையில் செய்து காட்ட வேண்டும். மறுவாழ்வு மருத்துவத்திலிருந்து வந்தவர் மயக்க மருத்துவத்தின் அவசர உத்திகளைக் கற்க வேண்டும். எல்லோரும் மனநலப் பரிசோதனை செய்யப் பழக வேண்டும், புற்றுநோய் வலியையும் அந்திமக்கால வலியையும் அருகிருந்து பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 1998இல் வலி மருத்துவத்துக்கென ஒரு புலம் தொடங்கியபோது, மயக்கவியல், பொது மருத்துவம், அறுவை, மனநலம், மறுவாழ்வு என ஐந்து துறையினரும் அதில் கைகோத்தார்கள். 2005இல் அரசு அதைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றது.

சரி, ஊசிக்கு வருவோம். முதுகெலும்பின் பின்பக்கம் ஒவ்வொரு தளத்திலும் இரண்டு சின்ன மூட்டுகள் உண்டு. ஃபேசெட் மூட்டுகள் என்பார்கள். அவை தேய்ந்தாலும் முதுகு வலிக்கும். 1970களின் தொடக்கத்தில் சிட்னியைச் சேர்ந்த ஸ்கைர்ம் ரீஸ் என்ற மருத்துவர், இந்த மூட்டுகளுக்குப் போகும் நரம்புகளைத் தோல் வழியாகவே கத்தியைச் செலுத்தி வெட்டிவிடுவதாகவும், வந்தவர்களில் ஏறத்தாழ எல்லோருக்கும் குணமானதாகவும் எழுதினார். உலகமே திரும்பிப் பார்த்தது. அமெரிக்காவின் நார்மன் ஷீலி, கத்தி வேண்டாம் என்று ரேடியோ அலையால் சூடாகும் ஊசிமுனையைக் கொண்டு வந்தார்.

அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஆஸ்திரேலிய உடற்கூறியலாளர் நிகோலாய் போக்டக், இறந்தவர் உடல்களை அறுத்து அந்த நரம்புகள் உண்மையில் எந்தப் பாதையில் போகின்றன என்று பார்த்தார். ரீஸின் கத்தி நரம்பை எட்டவே இல்லை. ஷீலி குறிவைத்த இடங்களிலும் நரம்பு இல்லை.

இந்தத் தொடருக்காகப் படித்ததிலேயே என்னை அதிகம் உலுக்கிய செய்தி இது. நரம்பு வெட்டப்படவில்லை, ஆனாலும் பலர் எழுந்து நடந்தார்கள். பொய் சொல்லவில்லை அவர்கள். வலி குறைந்ததாகவே உணர்ந்தார்கள். எதிர்பார்ப்பு, ஓய்வு, இயல்பாகவே தணியும் முதுகு வலியின் போக்கு, தசையில் இறங்கிய மரப்பு மருந்து, இவை எல்லாம் சேர்ந்து வேலை செய்திருக்கும். ஒரு மருத்துவர் தன் கண்முன் நோயாளி குணமாவதைப் பார்த்தும், தான் செய்தது வேலை செய்யவில்லை என்று அறியாமலே பல வருடம் தொடர முடியும். ஃபெல்லோஷிப் தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

போக்டக்கும் அவர் வழி வந்தவர்களும் வைத்த ஒழுங்கு இது. நான்காவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடைப்பட்ட ஃபேசெட் மூட்டுக்கு ஒரு நரம்பல்ல, இரண்டு கிளை நரம்புகள் வருகின்றன. இரண்டையும் மரக்கச் செய்தால்தான் அந்த மூட்டு மௌனமாகும். சி-ஆர்ம் என்ற எக்ஸ்-ரே கருவியின் திரையில் பார்த்தபடி ஊசியை எலும்பின் குறிப்பிட்ட மூலைக்குக் கொண்டு போய், அரை மில்லிக்கும் மிகாமல் மரப்பு மருந்து விட வேண்டும். அதிகம் விட்டால் அக்கம்பக்கமும் மரத்து, வலி எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் போகும். பிறகு நோயாளி வீட்டுக்குப் போய், வழக்கமாக வலிக்கும் வேலைகளைச் செய்து பார்த்து, மணிக்கணக்கில் குறித்து வர வேண்டும். இன்னொரு நாள் வேறு மருந்தில் மறுபடியும் அதே சோதனை. முதல் நாள் லிக்னோகெயின் என்றால், அடுத்த முறை நீண்ட நேரம் நிற்கும் புபிவகெயின். அந்தந்த மருந்தின் காலத்துக்கு ஏற்பவே வலி போய்த் திரும்பினால்தான் அந்த மூட்டு என்று நம்பலாம். ஒரே ஒரு முறை சோதித்தால், தேறியதாகத் தோன்றுகிறவர்களில் கணிசமானோர் தவறாகத் தேறியவர்களாக இருக்கலாம் என்று ஆய்வுகள் காட்டின. இத்தனைக்கும் பிறகுதான் சிகிச்சை: ஊசிமுனையை நரம்புக்கு இணையாகப் படுக்க வைத்து, 80 டிகிரி சூட்டில் அந்த நரம்பைச் செயலிழக்கச் செய்வது. செங்குத்தாகக் குத்தினால் சூடு நரம்பில் போதுமான நீளத்துக்குப் படாது. சில மாதங்களிலோ ஒரு வருடத்திலோ நரம்பு மறுபடி வளரும், வலியும் திரும்பலாம். இதை நோயாளியிடம் முன்பே சொல்வதும் பாடத்தில் சேர்ந்ததுதான்.

நரம்பு வேருக்குப் பக்கத்தில் போடும் ஸ்டீராய்டு ஊசி இன்னும் கவனமானது. அங்கே தண்டுவடத்துக்கு ரத்தம் கொண்டு போகும் மெல்லிய தமனிகள் ஓடுகின்றன. துகள்கள் கொண்ட ஸ்டீராய்டு அவற்றில் ஏறிவிட்டால் தண்டுவடத்தின் ரத்த ஓட்டமே அடைபடலாம். 2014இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, தண்டுவட உறையை ஒட்டிப் போடும் இத்தகைய எபிடூரல் ஸ்டீராய்டு ஊசிகளால் அரிதாகப் பக்கவாதம், பார்வை இழப்பு, செயலிழப்பு, மரணம்கூட நேரலாம் என்று எச்சரித்தது. முதலில் சாயத்தைச் செலுத்தி, அது ரத்தக் குழாயில் ஓடிவிடுகிறதா என்று திரையில் பார்ப்பதும், துகளற்ற டெக்ஸாமெதசோனைத் தேர்வதும் இதனால்தான். திரையில் ஒரு நொடி மின்னி மறையும் அந்தச் சாயக்கோட்டை அடையாளம் காணப் புத்தகம் போதாது. பக்கத்தில் நின்று ‘நிறுத்து’ என்று சொல்லும் ஆசிரியர் வேண்டும்.

நம் ஊரில் இன்று ஃபெல்லோஷிப் என்ற சொல் பலவற்றைக் குறிக்கிறது. கோவை கங்கா மருத்துவமனை போன்ற இடங்களில் நடக்கும் தண்டுவட அறுவைப் பயிற்சி ஒரு வகை. அது எலும்பு அறுவை மருத்துவர்களுக்கானது, கடினமானது. வலி மருத்துவத்துக்கு ஒரு வருடம் முழுக்க மருத்துவமனையிலேயே இருந்து கற்பவர்களும் உண்டு, சில வாரப் பயிற்சிக்கு அதே பெயரில் சான்றிதழ் பெறுபவர்களும் உண்டு. குறுகிய பயிற்சி பயனற்றது என்று சொல்ல மாட்டேன். அனுபவமுள்ளவர் ஒரு புதிய உத்தியைக் கற்க அது போதும். ஆனால் பெயர்ப் பலகையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஊசி வழி வலி சிகிச்சை செய்பவர்களுக்காக உலக வலி நிறுவனம் 2001இல் தொடங்கிய எஃப்.ஐ.பி.பி. தேர்வு இந்தக் குழப்பத்துக்கு ஓரளவு விடை: இறந்தவர் உடலில் ஊசியைச் செலுத்திக் காட்டித் தேற வேண்டும்.

ஆகவே முதுகில் ஊசி போடலாம் என்று மருத்துவர் சொன்னால் தயங்காமல் கேளுங்கள். எந்த மூட்டு, அல்லது எந்த நரம்பு என்று நினைக்கிறீர்கள்? அதை எப்படி உறுதி செய்தீர்கள்? எக்ஸ்-ரே திரை பார்த்துப் போடுவீர்களா, சாயம் விடுவீர்களா? இந்தப் பயிற்சியை எங்கே, எத்தனை மாதம், யாருக்குக் கீழே எடுத்தீர்கள்? நன்றாகப் பயின்றவர் இந்தக் கேள்விகளால் கோபப்படமாட்டார். அவரிடம் ஒரு வருடம் முழுக்க அவருடைய ஆசிரியர்கள் கேட்டதும் இவற்றைத்தான்.

அடுத்த வாரம் ஷீலியிடம் திரும்புவோம். ஃபேசெட் நரம்பில் குறி தவறிய அதே மனிதர்தான், 1967இல் தண்டுவடத்தில் மின்முனையைப் பொருத்தி வலியை அடக்க முயன்றவர்.

(தொடரும்)