பேஸ் கிட்டாருக்குப் பூச்சுத் தந்திகள்: மலைநாட்டு ஈரத்தில் ஏற்றவை எவை?

தேனி மாவட்டத்துக் கம்பம் நகரிலிருந்து மேற்கே வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலை கேரள எல்லையைத் தொடும் இடம் கம்பம்மெட்டு. மலைக்குக் கிழக்கே உள்ள கம்பம் பள்ளத்தாக்கு மழைமறைவுப் பகுதியாகும். தென்மேற்குப் பருவக்காற்று சுமந்துவரும் ஈரத்தின் பெரும்பகுதி மேற்குப் புறத்திலேயே மழையாகப் பெய்துவிடுகிறது. அப்புறத்தில் ஏலத்தோட்டங்கள் செழிக்கக் காரணமான மழையும் மூடுபனியும் இரும்புப் பொருள்களுக்குப் பகையாக அமைகின்றன. மண்வெட்டியும் கதவுக் கீலும் துருப்பிடிப்பதை யாவரும் அறிவர். இசைக்கருவியின் தந்தியும் இவ்வாறே கெடுகிறது என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை.

இன்று தேவாலயப் பாடற்குழுக்களிலும், திருவிழா மேடைகளில் பாடும் கானமேளாக் குழுக்களிலும் மின்சார பேஸ் கிட்டார் இன்றியமையாத இடம் பெற்றுள்ளது. அமெரிக்கரான லியோ பெண்டர் 1951-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவியே இப்போது வழங்கும் பேஸ் கிட்டாரின் முன்மாதிரி. தமிழ்த் திரையிசையில் இக்கருவியின் குரலைத் தனித்துக் கேட்கச் செய்தவருள் முதன்மையானவர் இளையராஜா. அவர் பிறந்த பண்ணைப்புரம் இதே மலைத்தொடரின் கிழக்கு அடிவாரப் பகுதியில், உத்தமபாளையம் வட்டத்தில் இருக்கிறது.

இக்கருவிக்குத் தந்தி மாற்ற வேண்டுமாயின் மலைக் கிராமத்தார் நகரத்துக்குச் சென்றாக வேண்டும். நான்கு தந்திகள் கொண்ட ஒரு கட்டின் விலை சிறு பாடற்குழுவுக்கு எளிய செலவன்று. பிளாஸ்டிக் போன்ற மெல்லிய பூச்சிட்ட தந்திகள் ஈரத்தைத் தாங்கும் எனக் கூறி விற்கப்படுகின்றன. அவற்றின் விலையோ சாதாரணத் தந்திகளின் விலையைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு முதல் இரு மடங்கு வரை உள்ளது. இக்கூடுதல் விலைக்கேற்ற பயன் கிட்டுமா என்பதை அறியத் தந்தி எவ்வாறு ஒலிக்கிறது, எதனால் கெடுகிறது என்ற இரண்டையும் ஆராய்தல் வேண்டும்.

தந்தியின் அமைப்பு

தந்தியின் சுரம் அதன் நீளம், இழுவிசை, ஓர் அலகு நீளத்தின் எடை ஆகிய மூன்றையும் பொறுத்தது. பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1636-ல் வெளியிட்ட நூலில் இவ்விதியைக் காணலாம். பேஸ் கிட்டாரில் தந்தியின் அதிரும் நீளம் பொதுவாக 34 அங்குலம், அதாவது சுமார் 86 செ.மீ. நான்கு தந்திகளின் அதிர்வெண்கள் முறையே 41.2, 55, 73.4, 98 ஹெர்ட்ஸ் ஆகும். இவ்வளவு தாழ்ந்த சுரம் பெறத் தந்தி கனமாக இருத்தல் வேண்டும். ஒரே பருமனான எஃகுக் கம்பியை உபயோகித்தால் அது கோல் போல் விறைத்து நின்று இனிய ஒலி தராது. ஆகவே மெல்லிய எஃகு உட்கம்பியின் மேல் வேறு கம்பியை நெருக்கமாகச் சுற்றி எடையைக் கூட்டுகின்றனர். இதனால் கனமும் வளையும் தன்மையும் ஒருங்கே கிடைக்கின்றன. சாதாரணக் கட்டு ஒன்றில் மிகத் தடித்த தந்தி சுமார் 2.7 மி.மீ., மிக மெல்லியது சுமார் 1.1 மி.மீ. குறுக்களவு உடையவை.

சுற்றுக்கம்பி பெரும்பாலும் நிக்கல் முலாமிட்ட எஃகாகவோ, துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்கும். ஆறு தந்திக் கிட்டாரில் மெல்லிய தந்திகள் சுற்றின்றி வெறுங்கம்பியாக இருப்பதுண்டு. பேஸ் கிட்டாரிலோ நான்கும் சுற்றுத் தந்திகளே. ஆதலின் சுற்றுக்களின் இடைவெளியில் நிகழ்வதே இங்குத் தலையாய செய்தி.

மேற்சுரங்களின் பணி

மீட்டப்பட்ட தந்தி அடிப்படைச் சுரத்தை மட்டும் ஒலிப்பதில்லை. அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வெண்களில் மேற்சுரங்களும் உடன் எழுகின்றன. வீணைக்கும் தம்புராவுக்கும் உரிய செழுமை, குதிரையின் அமைப்பால் மேற்சுரங்கள் மிகுவதால் விளைவது என்பதை 1921-ல் சர் சி. வி. ராமன் எடுத்துக்காட்டினார்.

பேஸ் கிட்டாரில் மேற்சுரங்களுக்கு மற்றொரு பணியும் உண்டு. சிறிய மண்டபங்களில் உள்ள ஒலிபெருக்கிப் பெட்டிகளால் 41 ஹெர்ட்ஸ் ஒலியைத் திறம்பட வெளியிட இயலாது. ஆயினும் 82, 123, 164 ஹெர்ட்ஸ் ஆகிய மேற்சுரங்கள் செவியை எட்டினால், வராத அடிச்சுரத்தையும் மூளை தானே உணர்ந்துகொள்கிறது. மேற்சுரங்கள் மங்கிவிட்டால் இவ்வுதவி குன்றுகிறது. அந்நிலையில் கேட்போருக்குத் தெளிவற்ற முழக்கமே எஞ்சும். பாடுவோரும் சுருதிக்குப் பிடிப்பின்றித் தடுமாறுவர். பெரிய ஒலிபெருக்கி வாங்க வசதியற்ற குழுவுக்கே தெளிவான தந்தி அதிகம் தேவை என்பது இதனால் விளங்கும்.

தந்தி மங்குவது எதனால்?

தந்தி மூன்று காரணங்களால் கெடுகிறது.

முதலாவது அழுக்கு. விரலின் வியர்வை, எண்ணெய்ப்பசை, தோலின் துகள் ஆகியன சுற்றுக்களின் இடைவெளியில் அடைந்துகொள்கின்றன. தந்தி அதிரும்போது இவ்வழுக்கு உராய்ந்து ஆற்றலை விழுங்குகிறது. மேற்சுரங்களே இதனால் முதலில் அழிகின்றன. அழுக்கு ஒரே சீராகப் படியாமையால் தந்தியின் எடையும் இடத்துக்கு இடம் மாறி, சுருதி பிசகுகிறது.

இரண்டாவது அரிப்பு. காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டைக் கடந்தால் இரும்பின் அரிப்பு விரைவுபடுகிறது. வியர்வையிலுள்ள உப்பு அதை மேலும் தூண்டுகிறது. நிக்கல் முலாம் முழுமையாக இருக்கும்வரை எஃகைக் காக்கும். மெட்டுக்களின் மேல் உராய்ந்து முலாம் தேய்ந்த இடத்திலோ நிலைமை தலைகீழாகிறது. நிக்கலும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருக்கையில் இரண்டும் ஒரு சிறு மின்கலம் போல் இயங்க, இரும்பே விரைந்து அரிக்கப்படுகிறது. இத்தகைய அரிப்பை ஆராய்வது காரைக்குடியில் 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் முக்கியப் பணிகளுள் ஒன்று. நாட்டின் பல பகுதிகளிலும் உலோகத் தகடுகளை வெட்டவெளியில் வைத்து, அவற்றின் எடைக் குறைவை அளந்து, இந்தியாவின் அரிப்பு வரைபடத்தை அந்நிலையத்தார் தயாரித்துள்ளனர். ஒரே உலோகம் ஊருக்கு ஊர் வெவ்வேறு வேகத்தில் அழிகிறது என்பதை அவ்வரைபடம் காட்டுகிறது.

மூன்றாவது தேய்மானம். மெட்டின் மேல் அழுத்தப்படும் இடங்களில் சுற்றுக்கம்பி தட்டையாகிறது. ஓயாத அதிர்வால் உலோகமும் தளர்கிறது. இதற்குப் பூச்சு மருந்தாகாது.

பூச்சின் வகைகள்

பூச்சுக்கு உதவும் பொருள்களுள் பெரிதும் அறியப்பட்டது, ஒட்டாத தோசைக்கல்லின் மேல் பூசப்படும் பாலிடெட்ராபுளூரோஎதிலீன். அமெரிக்க வேதியியலார் ராய் பிளங்கெட் 1938-ல் இதனைத் தற்செயலாகக் கண்டறிந்தார். 1969-ல் பாப் கோர் என்பவர் இதனைச் சடுதியில் இழுத்து, நுண்துளைகள் நிறைந்த மெல்லிய படலமாக்கும் வழியைக் கண்டார். அவருடைய குடும்பத்தாரின் நிறுவனமே 1990-களின் பிற்பகுதியில் பூச்சிட்ட கிட்டார் தந்திகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

தந்திகளில் பூச்சு மூவகையாக இடப்படுகிறது. முதல் வகையில் சுற்றி முடித்த தந்தியின் மேல் படலம் முழுமையாகப் போர்த்தப்படுகிறது. இடைவெளிகள் மூடப்படுவதால் அழுக்கு உள்ளே புகாது, பாதுகாப்பு மிகுதி. படலம் தடித்திருப்பின் ஒலியின் கூர்மை சற்றுக் குறையும். இரண்டாம் வகையில் சுற்றுக்கம்பிக்கு முன்னதாகவே பூச்சிட்டுப் பின்னர்ச் சுற்றுகின்றனர். உலோகம் அரிப்பினின்று காக்கப்படும். இடைவெளிகள் திறந்திருப்பதால் அழுக்கு ஓரளவு படியும். ஒலி சாதாரணத் தந்தியை ஒத்திருக்கும். மூன்றாம் வகையில் உலோகத்தின் மேற்பரப்பு மட்டும் மிக நுண்ணிய அளவில் பதப்படுத்தப்படுகிறது. கைக்கு வேற்றுமை தெரியாது. பாதுகாப்பும் முதல் வகையினும் குறைவு. கட்டின் மேலட்டையில் எவ்வகை என்று குறித்திருப்பதைப் படித்து வாங்குதல் நலம்.

பூச்சினால் மின்னொலி குன்றும் என்று சிலர் அஞ்சுவர். பிக்கப் எனப்படும் காந்தச் சுருள் தந்தியின் எஃகு அசைவதையே உணர்கிறது. இம்மெல்லிய படலம் காந்தப் புலத்தைத் தடுப்பதில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது?

தன் தந்தி மேற்கூறிய மூன்றனுள் எதனால் கெடுகிறது என்று கண்டறிவதே தேர்வின் திறவுகோல்.

வாரம் ஒருமுறை வாசிக்கப்பட்டு, எஞ்சிய நாள்களில் ஈரக் காற்றில் சும்மா கிடக்கும் பாடற்குழுவின் கருவியில் தேய்மானம் சிறிது. அரிப்பும் அழுக்குமே பெரிது. பலர் கைமாறி வாசிக்கும் கருவியில் அழுக்கு இன்னும் மிகும். இவர்களுக்கு முழுப் போர்வைப் பூச்சு, அதிலும் மெல்லிய படலம் உடையது, விலைக்கேற்ற பயன் தரும்.

நாள்தோறும் மேடையில் மீட்டுவில்லையால் அடித்தோ, கட்டைவிரலால் அறைந்தோ வாசிப்பவரின் நிலை வேறு. அங்குத் தந்தி தேய்மானத்தால் மடிகிறது. படலமும் அடிபடும் இடத்தில் நூல் நூலாகப் பிரியும். இத்தகையோர் பூச்சற்ற தந்தியை வாங்கி அடிக்கடி மாற்றுவதே சிக்கனம்; பூச்சு வேண்டுமெனில் இரண்டாம் வகையைக் கொள்ளலாம். துருப்பிடிக்காத எஃகுத் தந்தி அரிப்பை நன்கு தாங்கும். ஆயினும் கடினமானதாதலால் மெட்டுக்களை விரைவில் தேய்க்கும்; அழுக்கு படிவதையும் அது தடுக்காது. ஆழ்ந்த மென்குரலை விரும்புவோர் தட்டைச் சுற்றுத் தந்தியையும் கருதலாம். அதில் பள்ளங்கள் குறைவாதலால் அழுக்கு எளிதில் தங்காது. மேற்சுரங்கள் தொடக்கத்திலேயே குறைவு என்பதை மறத்தலாகாது.

செலவைக் கணக்கிட எளிய வழி உண்டு. கட்டின் விலையை அது தெளிவாக ஒலித்த மாதங்களின் எண்ணால் வகுக்க வேண்டும். தந்தி மாட்டிய தேதியைக் கருவிப் பெட்டியினுள் எழுதி ஒட்டிவைத்தால் ஓராண்டில் விடை கிட்டும். இரு மடங்கு விலையுள்ள தந்தி இரு மடங்குக்கு மேல் உழைத்தாலன்றி இலாபமில்லை. கம்பம் நகரில் இலாபமில்லாத தந்தி, மலையேறிக் கம்பம்மெட்டை அடைந்ததும் இலாபமாகலாம்.

பூட்டுதலும் பராமரிப்பும்

தந்தியின் உபரி நீளத்தை வெட்டுமுன், வெட்டும் இடத்துக்கு உட்புறம் அதனைச் செங்கோணமாக மடித்தல் வேண்டும். நேரே வெட்டினால் சுற்று நெகிழ்ந்து தந்தியின் உயிர் போய்விடும். குதிரையின் விளிம்பில் கூர்முனை இருப்பின் அது பூச்சைக் கிழிக்கும். நுண்ணிய உப்புத்தாளால் மழுக்கிவிடலாம்.

வாசிக்குமுன் கை கழுவுதல், வாசித்தபின் உலர்ந்த பருத்தித் துணியால் தந்தியின் மேலும் கீழும் துடைத்தல் ஆகிய இரண்டும் செலவின்றி ஆயுளைப் பெருக்குவன. மார்கழி இரவில் குளிர்ந்த கருவியை மக்கள் நிறைந்த மண்டபத்தினுள் கொணர்ந்தால், மூச்சிலுள்ள நீராவி தந்தியின் மேல் பனித்துளியாகப் படியும். பெட்டியைத் திறவாமல் அரைமணி நேரம் வைத்திருந்து பின் திறப்பது நன்று. உலர்த்திய ஏலக்காய் மீண்டும் ஈரம் ஏற்காவண்ணம் மூடிக் காக்கப்படுவதைப் போலவே, கருவியையும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் மூடிவைத்தல் வேண்டும். ஏலக்காய் உலர்த்தும் சூட்டறையில் கருவியை வைத்தல் கூடாது, மரம் வெடிக்கும். பழைய பூச்சுத் தந்திகளைத் தீயிலும் இடலாகாது. மிகு வெப்பத்தில் அப்பூச்சு நச்சுப் புகை விடும்.

பள்ளியில் செய்து பார்க்கத்தக்க சோதனை

பூச்சற்ற தந்தித் துண்டு ஒன்றும் பூச்சுத் தந்தித் துண்டுகள் இரண்டும் எடுத்துக்கொள்க. பூச்சுத் துண்டுகளுள் ஒன்றன் நடுவில் பிளேடினால் கீறிவிடுக. மூன்றன் முனைகளையும் மெழுகால் அடைத்து, 100 மி.லி. நீரில் 3 கிராம் சமையல் உப்பைக் கரைத்த கரைசலில் பாதி அமிழுமாறு தனித்தனிக் குவளைகளில் நிறுத்துக. ஒரு வாரம் நாள்தோறும் நோக்கித் துருவின் நிறம் எங்குத் தோன்றுகிறது எனக் குறித்துவருக. கீறிய துண்டில் கீறலைச் சுற்றித் தோன்றும் மாற்றத்தைத் தனியே கவனிக்க வேண்டும். பூச்சு பழுதின்றி இருக்கும்வரையே அது காவல் என்பதை மாணவர் இதனால் கண்ணாரக் காண்பர்.

கருவியில் உள்ள தந்தியின் நிலையை அறியவும் ஒரு வழி உண்டு. பன்னிரண்டாம் மெட்டுக்கு நேர்மேலே தந்தியை விரலால் மெல்லத் தொட்டு மீட்டினால் இரு மடங்குச் சுரம் எழும். ஏழாம் மெட்டில் மும்மடங்கு, ஐந்தாம் மெட்டில் நான்மடங்கு. புதிய தந்தியில் இவை மணி போல் ஒலிக்கும். ஐந்தாம் மெட்டின் சுரம் எழும்பாமல் உடனே அடங்குமாயின் தந்தி மங்கிவிட்டது எனக் கொள்ளலாம். தந்தி மாட்டிய நாளன்று அது எத்தனை வினாடி ஒலித்தது என்று குறித்துவைத்து, மாதந்தோறும் ஒப்பிட்டு வருவது சிறந்தது.

பூச்சு தந்தியைச் சாகாவரம் பெற்றதாக்குவதில்லை. ஈரத்தாலும் உப்பாலும் நேரும் கேட்டை அது தள்ளிப்போடுகிறது. தேய்மானத்தை அதனால் தடுக்க இயலாது. இவ்வேற்றுமையை உணர்ந்து தேர்ந்தெடுக்கும் பாடற்குழு, குறைந்த செலவில் நெடுநாள் தெளிவான சுருதியைப் பெறும். அவ்வாறு மிஞ்சும் பணத்தைக் குழுவில் புதிதாகச் சேரும் சிறுவர்களின் பயிற்சிக்குச் செலவிட இயலும்.